வாசலில் டேக் ரீடர்: வாசகர் கேள்விகளும் விடைகளும்

வாகனத்தின் முன்கண்ணாடியில் ஒட்டிய டேக்கைத் தொலைவிலிருந்தே படித்து, பூம் பேரியர் என்னும் தடுப்புக் கம்பத்தை உயர்த்தும் ரீடர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் குடியிருப்போர் சங்கங்களிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் பலர் கடிதம் எழுதியுள்ளனர். ஒரே பொருளில் வந்த கடிதங்களைச் சேர்த்து இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: எங்கள் நுழைவாயிலில் பொருத்திய ரீடரின் பெட்டியில் 15 மீட்டர் வரை படிக்கும் என்று அச்சிட்டிருக்கிறது. ஆனால் பெரும்பாலான கார்களை 5, 6 மீட்டரில்தான் படிக்கிறது. இரண்டு கார்களைத் தடுப்பை ஒட்டி நிறுத்தினாலும் படிக்கவில்லை. ரீடர் பழுதா? (சங்கச் செயலாளர், பள்ளிக்கரணை)

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. டேக்குக்குள் பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே அது மின்சாரத்தைப் பெற்று விழித்துக்கொண்டு, அதே அலையைத் திருப்பிப் பிரதிபலித்துத் தன் எண்ணைச் சொல்கிறது. இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட 4 வாட் அளவுக்கு ஆன்டெனாவிலிருந்து அலை புறப்பட்டால், திறந்த வெளியில் 10 மீட்டர் தள்ளியிருக்கும் டேக்குக்குக் கிடைப்பது ஏறத்தாழ 25 மைக்ரோவாட்தான். டேக்குகளிலுள்ள சில்லுகள் (சிப்) பல விழிப்பதற்குச் சுமார் 10 மைக்ரோவாட் தேவை. 15 மீட்டருக்குப் போனால் கிடைப்பது 11 மைக்ரோவாட்டாகக் குறைந்துவிடுகிறது. பெட்டியில் உள்ள கணக்கு இதுதான்: இடையில் கண்ணாடி இல்லை, வளைவு இல்லை, டேக் ஆன்டெனாவை நேராகப் பார்க்கிறது. உங்கள் வாசலில் சாய்ந்த முன்கண்ணாடியும் அதன் பின்னே உலோகமும் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே 5, 6 மீட்டர் என்பது குறையே அல்ல. ஒரு வாசலுக்கு அதுவே போதுமானது.

அந்த இரண்டு கார்களின் கதை வேறு. வெப்பத்தைத் தடுக்க மெல்லிய உலோகப் படலம் பூசிய முன்கண்ணாடி சில கார்களில் வருகிறது. அந்தப் படலம் அலையையும் தடுத்துவிடும். அத்தகைய கண்ணாடிகளில், ஓட்டுநர் பின்புறம் பார்க்கும் உள்கண்ணாடிக்குப் பின்னால், கறுப்புப் புள்ளிகள் அடர்ந்த பகுதியை ஒட்டிப் படலம் பூசாத சிறு இடம் ஒன்றைப் பெரும்பாலும் விட்டிருப்பார்கள். அது எங்கே இருக்கிறது என்பதைக் காரின் கையேட்டில் பார்க்கலாம். அண்மையில் நான் பார்த்த ஒரு காரில் டேக் கண்ணாடியின் கீழ் இடது மூலையில் இருந்தது. ரீடரின் திரையில் ஒரு வாசிப்பும் இல்லை. ஒட்டாத சோதனை டேக் ஒன்றைத் தெர்மோகோல் துண்டில் பொருத்தி, அந்தப் புள்ளிப் பகுதியின் பின்னால் பிடித்ததும் நொடிக்கு முப்பதுக்கு மேல் வாசிப்புகள் வந்தன. நான்கு விரல் அகலம் இடது பக்கம் நகர்த்தியதும் மீண்டும் பூஜ்யம். டேக்கை வெறுங்கையில் பிடித்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். கையில் உள்ள நீர் அலையை உறிஞ்சுவதால் தவறான முடிவே கிடைக்கும்.

டேக்கை ஒட்டாமல் டாஷ்போர்டின் மேல் வைத்திருப்பவர்களும், பையில் வைத்துக்கொண்டு வாசல் வந்ததும் எடுத்துக் காட்டுபவர்களும் உங்கள் வளாகத்தில் இருக்கக்கூடும். சுங்கச்சாவடிகளில் இப்படிக் கையில் காட்டப்படும் ஃபாஸ்டேக்குகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்போவதாகத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025 ஜூலையில் அறிவித்தது. உங்கள் சங்கமும் இதே விதியை வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: எங்களுக்கு நேர்மாறான தொல்லை. யாரும் வராதபோதே தடுப்பு உயர்கிறது. உள்ளே நிறுத்தியிருக்கும் காரையும், வெளியேறும் பாதையில் போகும் காரையும் நுழைவு ரீடர் படித்துவிடுகிறது. (பராமரிப்பு மேலாளர், ஓசூர்)

பள்ளிக்கரணை வாசகரின் சிக்கலைவிட இது ஆபத்தானது. படிக்காத ரீடரால் ஒருவர் அரை நிமிடம் காத்திருப்பார்; தேவையில்லாததைப் படிக்கும் ரீடர், யார் வேண்டுமானாலும் நுழையும்படி வாசலைத் திறந்து வைக்கிறது. நீண்ட தூரம் படிக்கும் ரீடரை வாங்கியவர்கள் அதன் முழுத் தூரத்தையும் பயன்படுத்த விரும்புவது இயல்பு. ஆயினும் பொருத்துபவரின் கைத்திறன் தெரிவது, வாசிப்பு எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்ற எல்லையைப் போடுவதில்தான்.

முதலில் ரீடரின் சக்தியைக் குறையுங்கள். தூரம் பாதியாக வேண்டுமானால் சக்தி நான்கில் ஒரு பங்கானால் போதும். சக்தியின் விகிதத்தை அளக்கும் டெசிபெல் கணக்கில் அது 6 குறைவு. ஒவ்வொரு முறையும் ஒரு டெசிபெல் குறைத்து, தடுப்புக்கு முன் 4 முதல் 5 மீட்டருக்குள் வாசிப்பு அடங்கும்வரை போங்கள். அடுத்து ஆன்டெனாவின் முகத்தைப் பாருங்கள். சாலைக்கு இணையாக நேரே பார்க்கும் ஆன்டெனாவின் அலை, வாசலைத் தாண்டித் தெருக்கோடி வரை போகும். 2.5 மீட்டர் உயரத்தில் பொருத்தி, கார் நிற்க வேண்டிய இடத்தை நோக்கிக் கீழே சாய்த்தால், மிஞ்சும் அலை தரையில் போய் முடியும். பக்கத்துப் பாதையை நோக்கி அதன் முகம் திரும்பாதவாறு, சற்றே தன் பாதையின் வெளி ஓரத்தை நோக்கித் திருப்புங்கள்.

இவ்வளவும் செய்த பின்னும், எதிர்ச் சுவரிலோ நிற்கும் லாரியின் பக்கவாட்டிலோ பட்டுத் திரும்பும் அலை எப்போதாவது ஒரு தூரத்து டேக்கை எழுப்பிவிடும். அதற்கு உறுதியான தீர்வு தரையில் பதிக்கும் லூப். கம்பிச் சுருளின் மேல் வாகனத்தின் இரும்பு வந்து நின்றால் மட்டுமே ரீடர் விழிக்க வேண்டும், மற்ற நேரத்தில் உறங்க வேண்டும் என்று அமைத்துவிட்டால், உள்ளே நிற்கும் கார் தடுப்பைத் திறக்காது. செலவைக் குறைப்பதற்காக லூப்பை விட்டுவிடுங்கள் என்று சொல்லும் ஒப்பந்ததாரரின் பேச்சை ஏற்காதீர்கள். நுழைவு ரீடரும் வெளியேறும் ரீடரும் அருகருகே இருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் அலை அனுப்பி ஒன்றையொன்று குழப்புவதும் லூப்பினால் வெகுவாகக் குறையும்.

கேள்வி: தனி டேக் வாங்காமல், எல்லாக் கார்களிலும் ஏற்கெனவே உள்ள ஃபாஸ்டேக்கையே வாசலுக்குப் பயன்படுத்தலாமா? எங்கள் வாசலில் படித்தால் பணம் போய்விடும் என்று முதியோர் அஞ்சுகிறார்கள். (குடியிருப்பாளர், கோவை)

பயன்படுத்தலாம், பணம் போகாது. ஃபாஸ்டேக்கும் வாசல் டேக்கும் ஒரே பன்னாட்டுத் தரத்தில் பேசுபவை என்பதால் உங்கள் ரீடர் அதைப் படிக்கும். ஆனால் டேக்கில் இருப்பது அடையாள எண்ணும் சில விவரங்களுமே. பணம் வங்கிக் கணக்கில் இருக்கிறது. பதிவு பெற்ற சுங்கச்சாவடியிலிருந்தோ வாகன நிறுத்துமிடத்திலிருந்தோ, அதற்குரிய வங்கி வழியாக, தேசியப் பணப்பரிமாற்றக் கழகத்தின் அமைப்புக்குக் கோரிக்கை போனால்தான் கழிக்கப்படும். 2022 ஜூனில், கார்க் கண்ணாடியைத் துடைக்கும் சிறுவன் கைக்கடிகாரத்தால் ஃபாஸ்டேக் பணத்தைத் திருடுவதாக ஒரு காணொளி பரவியபோது, அக்கழகம் இதே காரணத்தை விளக்கி அதை மறுத்தது. உங்கள் முதியோருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

எனினும் இரண்டு விஷயங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். மக்கள் ஃபாஸ்டேக்கை மாற்றுவார்கள். 2024இல் ஒரு வங்கியின் ஃபாஸ்டேக்குகளில் பணம் நிரப்ப முடியாமல் போய், ஏராளமானோர் புதிது வாங்க நேர்ந்தது. டேக் மாறினால் எண்ணும் மாறுகிறது; உங்கள் பட்டியலில் பழைய எண்ணே இருக்கும். இரண்டாவதாக, டேக்கின் பொது எண்ணை இன்னொரு வெற்று டேக்கில் எழுதிவிட முடியும். தொழிற்சாலையிலேயே பூட்டி அனுப்பப்படும் சில்லு எண் ஒன்று ஒவ்வொரு டேக்கிலும் உண்டு. அதை அவ்வளவு எளிதில் நகலெடுக்க முடியாது. உங்கள் மென்பொருள் அந்தச் சில்லு எண்ணையும் சேர்த்துச் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். யார் எப்போது வந்தார், போனார் என்ற பதிவு அயலாரின் கைக்குப் போகக்கூடாத தகவல் என்பதையும், அதை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதையும் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாகவே எழுதி வையுங்கள்.

கேள்வி: இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் வெளிநாட்டு ரீடரை வாங்கலாமா? உரிமம் வேண்டுமா? (பாலிடெக்னிக் மாணவர், திருநெல்வேலி)

இந்தியாவில் 2005 முதல் 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், வரையறுத்த சக்திக்குள் இயங்கும் கருவிகளுக்குத் தனி உரிமம் தேவையில்லை. 2021இல் இது 868 வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் கருவிக்குத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு தரும் ஒப்புதல் இருக்க வேண்டும். மலிவு ரீடர்களில் பல, அமெரிக்காவுக்குரிய 902–928 மெகாஹெர்ட்ஸில் அமைக்கப்பட்டே வருகின்றன. நம் நாட்டில் 890 முதல் 915 வரை கைப்பேசிகள் கோபுரத்தோடு பேசும் அலைவரிசை. அந்த ரீடரை அப்படியே இயக்கினால் சுற்றுவட்டாரத்தின் கைப்பேசி அழைப்புகளில் குறுக்கிடுவீர்கள். அது சட்டப்படியும் குற்றம். பெட்டியைத் திறந்ததும் முதலில் செய்ய வேண்டியது, நாட்டு அமைப்பை இந்தியாவுக்கு மாற்றுவதுதான். மாற்ற வழியில்லாத கருவியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சக்தியிலும் இதே கவனம் வேண்டும். 12 டெசிபெல் கெயின் (அலையை ஒரே திசையில் குவிக்கும் திறன்) உள்ள ஆன்டெனாவோடு 1 வாட் ரீடரை இணைத்து முழுச் சக்தியில் விட்டால், ஒரு திசையில் பாயும் அலை அனுமதித்த அளவை வெகுவாகத் தாண்டிவிடும். ஆன்டெனா கூர்மையானதாக இருந்தால் ரீடரின் சக்தியை அதற்கேற்பக் குறைப்பது கட்டாயம்.

கேள்வி: ஒரு வீட்டுக்காரர் உள்ளே வந்தால் பதிவேட்டில் இன்னொரு வீட்டுக்காரர் பெயர் விழுகிறது. எங்களிடம் 800 வாகனங்கள் உள்ளன. பொருத்தியவர் காரணம் தெரியவில்லை என்கிறார். (சங்கப் பொருளாளர், சென்னை)

ரீடரில் பிழை இல்லை. ரீடரிலிருந்து கதவுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும் வழியில்தான் எண் தேய்கிறது. டேக்கின் எண் 96 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) நீளமுள்ளது. உங்கள் இணைப்பு அநேகமாக வீகண்ட் 26 என்ற பழைய முறையில் இருக்கும். அதில் எண்ணுக்கு இருப்பது 24 பிட் மட்டுமே. நீளமான எண்ணின் கடைசித் துண்டை மட்டும் வெட்டி அனுப்புகிறார்கள். 24 பிட்டில் ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சம் எண்கள் அடங்கும் என்பதால், 800 வாகனங்களுக்குள் இரண்டு எண் ஒன்றாவது அரிது. ஆனால் பல கட்டுப்பாட்டுப் பெட்டிகள் முதல் 8 பிட்டைக் கவனிக்காமல் 16 பிட்டை மட்டும் பார்க்கும்படி அமைக்கப்படுகின்றன. அப்போது மொத்தம் 65,536 எண்கள்தான். 800 வாகனங்களை அவற்றில் தற்செயலாகப் பரப்பினால், சுமார் ஐந்து ஜோடிகள் ஒரே எண்ணில் விழும் என்று எதிர்பார்க்கலாம். உங்கள் வளாகத்தில் நடப்பது இதுவாகவே இருக்க வேண்டும். சிலர் எண்ணின் தொடக்கத் துண்டை அனுப்பும்படி அமைத்துவிடுவதும் உண்டு. ஒரே நிறுவனத்தின் டேக்குகளுக்குத் தொடக்கம் ஒன்றாகவே இருப்பதால், பாதி வளாகமே ஒரே பெயரில் உள்ளே போகும்.

உடனடித் தீர்வாக வீகண்ட் 34க்கு மாறலாம். அதில் எண்ணுக்கு 32 பிட் உண்டு. நிலையான தீர்வு, முழு எண்ணையும் நெட்வொர்க் கேபிளிலோ ஆர்எஸ்485 என்ற நீண்ட தூரக் கம்பி இணைப்பிலோ அனுப்புவது. தூரமும் ஒரு காரணம்: வீகண்ட் 150 மீட்டருக்கு மேல் தாங்காது, ஆர்எஸ்485 1200 மீட்டர் வரை போகும்.

கேள்வி: லாரி நிறுத்துமிடத்துக்கு எதைக் கவனிக்க வேண்டும்? இருசக்கர வாகனங்களுக்கும் டேக் ஒட்டலாமா? (போக்குவரத்து அலுவலகம், நாமக்கல்)

லாரியின் முன்கண்ணாடி காரைவிட மிக உயரத்தில், ஏறத்தாழ நிமிர்ந்து நிற்கிறது. காருக்காகச் சாய்த்த ஆன்டெனா லாரியின் பம்பரைப் பார்க்குமே தவிர டேக்கைப் பார்க்காது. இரண்டும் வரும் வாசலில் இரண்டு உயரங்களில் இரண்டு ஆன்டெனாக்கள் வையுங்கள். சாதாரண டேக்கை நேரடியாக இரும்பில் ஒட்டினால் அது செத்த டேக்தான். உலோகத்தில் ஒட்டுவதற்கென்றே இடைவெளி விட்டுச் செய்த டேக்குகள் தனியே கிடைக்கின்றன. இருசக்கர வாகனத்தில் முகப்பு விளக்கின் பிளாஸ்டிக் பகுதியில் ஒட்டலாம். ஆனால் ஓட்டுநர்கள் நெருங்கி வரிசை கட்டும்போது ஒருவரை விட்டு இன்னொருவரைப் படிக்கும் என்பதால், அவர்களுக்குக் குறுகிய தனிப் பாதை அமைக்காமல் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: ஆன்டெனாவுக்குக் கீழே எங்கள் காவலர் நாள் முழுதும் அமர்ந்திருக்கிறார். அவர் உடல்நலத்துக்குக் கேடா? (வாசகி, தாம்பரம்)

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. இதை நினைப்பவர்கள் குறைவு. 4 வாட் அளவுக்கு அலை அனுப்பும் ஆன்டெனாவின் நேர் முகத்தில், 2 மீட்டர் தள்ளி நிற்பவர் மீது சதுர மீட்டருக்குச் சுமார் 0.08 வாட் படுகிறது. கைப்பேசிக் கோபுரங்களுக்காக 2012இல் நம் அரசு நிர்ணயித்த, பன்னாட்டு அளவில் பத்தில் ஒரு பங்கான கடுமையான வரம்பு, இந்த அலைவரிசையில் 0.43 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கே படுகிறது. கீழே அமர்ந்திருப்பவர் மீது அதைவிடக் குறைவு. இருப்பினும் அவருடைய நாற்காலி ஆன்டெனாவின் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் இருக்கக்கூடாது. பின்பக்கமாக மாற்றிப் போடுங்கள். அவருக்கு நிழலும் கிடைக்கும்படி போடுங்கள்.

கேள்வி: பொருத்தியவருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் எப்படிச் சோதித்துப் பார்ப்பது? (பல வாசகர்கள்)

அதிகக் கடிதங்கள் இதைத்தான் கேட்டன. ஒரே காரை இரண்டு முறை ஓட்டிக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. அதை ஏற்காதீர்கள்.

வாசிப்பு எல்லையைத் தரையில் வரைவதே முதல் சோதனை. ஒரு காரை, சோதனை டேக் ஒட்டி, தடுப்பிலிருந்து 12 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். அரை மீட்டர் நகர்த்தும்போதெல்லாம் பத்து நொடியில் எத்தனை வாசிப்பு என்று குறித்து, அந்த இடத்தில் சாக்பீஸால் எழுதுங்கள். எண்கள் சீராக ஏறிக்கொண்டே வராது. நேராக வரும் அலையும் தரையில் பட்டு வரும் அலையும் ஒன்றையொன்று அழிக்கும் இடங்களில் வாசிப்பு திடீரென்று விழுந்து, மீண்டும் எழும். 8 மீட்டரில் விழுந்தால் கவலையில்லை. கார் நிற்க வேண்டிய கோட்டில் விழுந்தால் ஆன்டெனாவின் உயரத்தை ஒரு சாண் மாற்றிப் பாருங்கள். பிறகு அதே காரைப் பக்கத்துப் பாதையில் நிறுத்துங்கள். அங்கே ஒரு வாசிப்பும் வரக்கூடாது.

இந்தச் சோதனையில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டேக்குக்கு, ஒரு முறை பதில் சொன்ன பின் சற்று நேரம் மௌனமாக இருக்கும் அமைப்பு உள்ளது; ரீடரில் எஸ்1 என்ற அமைப்பைத் தேர்ந்தால் அந்த மௌனம் அரை நொடி முதல் 5 நொடி வரை நீடிக்கும். ஆகவே டேக் நன்றாக இருந்தும் ‘படிக்கவில்லை’ என்று தோன்றும். வாசலுக்கு, அலை நின்றதும் மௌனம் கலையும் எஸ்0 அமைப்பை வைத்துக்கொண்டு சோதியுங்கள்.

அடுத்து ஓட்டிப் பாருங்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு ஐந்தரை மீட்டர் ஓடுகிறது. 4 மீட்டர் எல்லையைக் கடக்க முக்கால் நொடியே ஆகும். ரீடருக்கு அது தாராளம், ஆனால் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் தடுப்பின் மோட்டாருக்கும் தாராளமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். சிறிய கார், உயரமான கார், வேன், பழைய கார் என்று குறைந்தது பத்து வாகனங்களைச் சேர்த்து நூறு முறை கடக்கச் செய்யுங்கள். நூறிலும் தவறாமல் திறந்தாலும், தவறே நேராது என்று பொருளில்லை. தவறு நூற்றுக்கு மூன்றுக்கு மேல் இருக்காது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம், அவ்வளவே. ஐம்பது முறை ஓட்டினால் அந்த உறுதி நூற்றுக்கு ஆறு என்று தளர்ந்துவிடும். பம்பரோடு பம்பர் ஒட்டி இரண்டு கார்களை வரவிட்டு, பின்னால் வரும் காரின் டேக்கைப் படித்து முன்னால் நிற்கும் பதிவில்லாத காருக்குத் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். என் அனுபவத்தில், ஒப்பந்தங்களில் எழுதப்படாமலே விடப்படும் சோதனை இதுதான். திருட்டுக்கு வழி விடுவதும் இதுதான்.

மழையில் ஒரு முறை சோதிக்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். கண்ணாடியில் வழியும் நீர் அலையைக் குறைக்கும். வெயில் நாளில் விளிம்பில் நின்று படித்த டேக் அன்றைக்குப் படிக்காது. ஒரு வாளித் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்தாலும் ஓரளவு தெரிந்துவிடும்.

இறுதியாகக் கம்பத்தின் மேலே ஏறிப் பாருங்கள். ரீடரிலிருந்து ஆன்டெனாவுக்கு மெல்லிய ஆர்ஜி58 கேபிளை 10 மீட்டர் இழுத்திருந்தால், சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே வெப்பமாகப் போய்விடும்; ரீடரையே கம்பத்துக்குக் கொண்டுபோய், கீழே நெட்வொர்க் கேபிளை இறக்கச் சொல்லுங்கள். இணைப்பியின் மேல் நீர் புகாத நாடா சுற்றியிருக்கிறதா, கேபிள் இணைப்பியை அடையும் முன் கீழே ஒரு வளைவாகத் தொங்கி மழைநீரைச் சொட்டவிடுகிறதா, கம்பத்துக்குத் தரை இணைப்பு இருக்கிறதா என்ற மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். ஐப்பசி மழையில் பழுதாகி நிற்கும் ரீடர்களைத் திறந்தால், நான் பெரும்பாலும் காண்பது அந்த இணைப்பிக்குள் தேங்கிய ஒரு சொட்டு நீரும், பச்சையாகப் பூத்த செம்பும்தான்.